கயிறு கேட்ட மேஸ்திரி

"சாமி, ஒரு கயிறு வேணும்."

சின்னச் சாமி மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து இலை தைத்துக்கொண்டிருந்தார். ஈர்க்கைக் கிள்ளி இலையில் குத்தினார்.

"எதுக்கு மேஸ்திரி?"

"பெரிய சாமியைக் கட்டணும்."

சின்னச் சாமி அடுத்த இலையை எடுத்தார்.

"எவ்வளவு நீளம் வேணும்?"

மேஸ்திரி மாசிலாமணி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார்.

"ஒரு ஆளைக் கட்டுற அளவுக்கு."

"கையையா, காலையா?"

"கையை மட்டும். காலு நடந்துட்டுப் போகட்டும். கைதான் சாமி என்னைக் கொல்லுது."

கண்ணுக்குக் கீழே இருந்த கீறலைக் காட்டினார். ரத்தம் காய்ந்திருந்தது.

பெரிய சாமிக்கு வயது எண்பதுக்கு மேல். அந்த மடத்தை வெகு காலம் நடத்தியவர் அவர்தான். இப்போது அவருக்கு ஆட்களும் தெரியவில்லை, பொழுதும் தெரியவில்லை. டவுன் டாக்டர் மறதி நோய் என்றார். தூங்க மாத்திரை தரலாம், தூங்கினால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

சின்னச் சாமி அவருடைய சீடர். பெயருக்கேற்றபடி சின்னவர். நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்.

மாசிலாமணி அவரைவிட இருபது வயது மூத்தவர். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். கோபத்தை எப்படி விடுவது என்று கேட்கத்தான் மடத்துக்கு வந்தார்.

"முதல்ல பெரிய சாமியைப் பாத்துக்கோங்க. அப்புறம் பேசலாம்" என்றார் சின்னச் சாமி.

மாசிலாமணி வந்தது கோடையில். இப்போது மழைக்காலம். கோபம் கூடியிருந்தது.

சின்னச் சாமி எழுந்து சாமான் அறைக்குப் போனார். புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்துவந்தார். பருத்திக் கயிறு. கடையில் சுற்றிக் கட்டிய கட்டு அப்படியே இருந்தது.

"இந்தாங்க."

மாசிலாமணி வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் சின்னச் சாமி. "அவரு கை ஓங்குறதுக்கு முந்தி என்ன நடந்துதுன்னு என்கிட்ட வந்து சொல்லணும். சொல்லிட்டுக் கட்டுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாசிலாமணிக்கு அது சின்ன வேலையாகத் தெரிந்தது.

*

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். வேட்டி நனைந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது.

"குளிப்பாட்டும்போது அடிச்சாரு."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காதப்போ நீங்க எங்க நின்னீங்க?"

"அவருக்குப் பின்னால. முன்னால நின்னா அடிப்பாரே. பின்னால நின்னு தலையில தண்ணி ஊத்துனேன். வெந்நீர்தான் சாமி. பதமா விளாவின வெந்நீர். அதுக்குப் போய் அடிக்காரு."

"உக்காருங்க."

மாசிலாமணி முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். தன் பக்கத்து நியாயத்தைத் தொடர்ந்தார். மில்லில் நூற்றுக்கணக்கான ஆட்களை மேய்த்தவர் அவர். ஒருவன் அவர் மேல் கை வைத்ததில்லை. இங்கே ஒரு கிழவரிடம் தினமும் அடி வாங்க வேண்டியிருக்கிறது. இதை வெளியில் சொன்னால்...

அந்த இடத்தில் அவர் தலையில் தண்ணீர் விழுந்தது.

மூச்சு அடைத்தது. கண் மறைத்தது. துள்ளி எழுந்து திரும்பினார். கை தானாக ஓங்கியது.

எதிரே சின்னச் சாமி காலிச் செம்போடு நின்றார்.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

"அதுக்கு முந்தி?" என்றார் சின்னச் சாமி.

சமையல்கட்டு வாசலில் நின்ற வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மடத்துச் சமையல் அவள் பொறுப்பு. யாரையும் விட்டுவைக்காத வாய் அவளுக்கு.

"அண்ணாச்சி, அது பதமா விளாவின வெந்நீர்தானே?" என்றாள்.

*

அதற்கு அடுத்த நாள் மாசிலாமணி முன்னால் நின்றார். செம்பைக் காட்டினார். தண்ணீரைப் பெரிய சாமியின் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார். பிறகு காலில் விட்டார். பிறகு முழங்காலில்.

பெரிய சாமி செம்பைப் பிடுங்கினார். மாசிலாமணி திருப்பிப் பிடுங்கப் போனார். அப்புறம் விட்டுவிட்டார். வேறு செம்பு இருந்தது.

பெரிய சாமி செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளித்து முடித்தார்.

அடி விழாமல் இல்லை. தலை துவட்டும்போது ஒன்று விழுந்தது. முன்னைப் போல இல்லை, மெதுவாக.

"துவட்டும்போது ஏன் அடிச்சாரு?" என்றார் சின்னச் சாமி.

"துண்டு கண்ணை மறைச்சிருக்கும்" என்றார் மாசிலாமணி.

சொன்ன பிறகுதான், தன்னிடம் யாரும் 'அதுக்கு முந்தி' கேட்கவில்லை என்பதைக் கவனித்தார்.

*

பிறகு திருட்டு வந்தது.

"சாமி, என்னைக் கள்ளன்னு சொல்லுதாரு. ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுதாரு. அவரு திருவோட்டை நான் எடுத்துட்டேனாம். பிடறியில வேற ஒண்ணு வச்சாரு."

"அதுக்கு முந்தி?"

"திருவோடு ஒடஞ்சு போய் ரொம்ப வருஷம் ஆச்சு, அவரே ஆத்துல போட்டுட்டாருன்னு வடிவு சொல்லியிருக்கா. அதைத்தான் சொன்னேன். நிஜத்தைத்தானே சொன்னேன்?"

"சொன்னதும் என்ன செஞ்சாரு?"

மாசிலாமணி பிடறியைத் தடவினார்.

"அழுதாரு. பெறகுதான் அடிச்சாரு."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான்."

"முந்தாநேத்து?"

"அன்னைக்கும்தான்."

"அவருக்கு ஒவ்வொரு நாளும் இப்பத்தான் ஒடையுது போலிருக்கு" என்றார் சின்னச் சாமி.

மாசிலாமணி நிமிர்ந்தார்.

"அப்ப என்ன, பொய் சொல்லச் சொல்லுதீங்களா? மடத்துல உக்காந்துக்கிட்டு?"

"பொய் சொல்லச் சொல்லல."

"பெறகு?"

"காணோம்னு ஒருத்தரு சொன்னா என்ன செய்வாங்க?"

மாசிலாமணி யோசித்தார். கேள்வி அவ்வளவு எளிதாக இருந்ததால் அதில் ஏதாவது சூழ்ச்சி இருக்கும் என்று நினைத்தார். இல்லை.

"தேடுவாங்க" என்றார்.

மறுநாள் பெரிய சாமி கத்தத் தொடங்கியதும் மாசிலாமணி எழுந்தார்.

"வாங்க சாமி, தேடுவோம். எப்படி இருக்கும் உங்க திருவோடு?"

பெரிய சாமி கத்துவதை நிறுத்தினார். இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார்.

"கருப்பா இருக்கும்" என்றார். "விளிம்புல ஒரு மூக்கு இருக்கும்."

பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். சுவரிலிருந்த மாடப்பிறையில் கைவிட்டுப் பார்த்தார்கள். கூடத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பெட்டிக்குப் பின்னால் ஒரு விளக்குமாறு இருந்தது. பெரிய சாமி அதை எடுத்தார். கூடத்தைப் பெருக்கத் தொடங்கினார். மூலையிலிருந்து தொடங்கி, குப்பையைச் சிதறவிடாமல், கை தேர்ந்தவர் பெருக்குவது போலப் பெருக்கினார்.

திருவோடு கிடைக்கவில்லை. அதைப் பற்றி அன்றைக்கு மறுபடி பேச்சு வரவில்லை.

"அண்ணாச்சி கண்டுபிடிச்சிட்டாரு" என்றாள் வடிவு. "என்னத்தன்னுதான் தெரியல."

*

சாப்பாடு மட்டும் வசப்படவில்லை.

மடத்தில் மூத்தவருக்கு முதல் இலை. பந்திக்கு மணி அடிக்கும் முன்பே பெரிய சாமியின் அறைக்கு இலை போய்விடும். மாசிலாமணி இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, வெளியே ஓடிவிடாதபடி கதவை மறித்து நிற்பார். தினமும் அந்த இலை கவிழும். பாதிச் சோறு சுவரில், பாதி மாசிலாமணி மேல். பிறகு வடிவு வந்து உருட்டி ஊட்டினால் நாலு வாய் உள்ளே போகும். சில நாள் அதுவும் போகாது. பெரிய சாமியின் கழுத்து எலும்பு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

"சோத்தை எறிஞ்சாரு சாமி."

"அதுக்கு முந்தி?"

"இலை போட்டேன்."

"அதுக்கு முந்தி?"

"கை கழுவிவிட்டேன்."

"அதுக்கு முந்தி?"

"சும்மா உக்காந்திருந்தாரு. சிரிச்சுக்கிட்டு இருந்தாரு."

குழம்பை மாற்றிப் பார்த்தார்கள். சோற்றைக் குழைத்துப் பார்த்தார்கள். தட்டில் வைத்தார்கள். பல் வலியோ என்று வாயைத் திறந்து பார்த்தார்கள். மாசிலாமணி கதவடியில் நிற்காமல் அங்கேயே எதிரே உட்கார்ந்து பார்த்தார். எல்லா நாளும் சோறு தரையில்தான்.

"எனக்கு என் கைதான் சரியில்லையோன்னு இருக்கு" என்றார் வடிவிடம்.

"உம்ம கையை யாரு தின்னச் சொன்னா? சோத்தைத்தானே தரோம்" என்றாள் வடிவு. பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இங்க வந்து இருபது வருஷம் இருக்கும் அண்ணாச்சி. இவரு நல்லா இருந்த காலத்துலயும் இவரு சாப்பிட்டு நான் பாத்ததே கிடையாது. எப்பச் சாப்பிடுவாருன்னே தெரியாது. நாங்க பாத்திரம் கழுவ ஆத்துக்குப் போயிருவோம்."

ஒருநாள் இலை கவிழ்ந்தபோது அறைக்குள் கோமதிநாயகம் நின்றிருந்தார்.

டவுனில் அரிசி மண்டி வைத்திருப்பவர் அவர். மடத்துக்கு அரிசியும் அவருடையதுதான், நிர்வாகமும் அவருடையதுதான். அன்றைக்கு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். போகும்போது வெள்ளையாக இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. கூடத்துக்கு வந்து சின்னச் சாமியின் எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, வர்ற வெள்ளிக்கிழமை குருபூசை. வெளியூருலேர்ந்தெல்லாம் ஆளு வரும். அன்னைக்குப் பெரிய சாமி ஒருத்தர் மேல கை வச்சாருன்னா மடத்துக்குப் பேரு கெட்டுப் போகும்."

"சரிதான்."

"டவுனுல ஒரு இல்லம் இருக்கு. இப்படிப்பட்டவங்களுக்குன்னே இருக்கு. கட்டில்ல கட்டித்தான் வைப்பாங்க. ஆனா வேளாவேளைக்கு ஊட்டிருவாங்க. எனக்கும் அவரு மேல மரியாதை இல்லாம இல்ல. எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. இங்க கெடந்து பட்டினியில செத்தா அதுவும் நம்ம தலையிலதானே விழும்?"

இதற்கும் சின்னச் சாமி "சரிதான்" என்றார். கோமதிநாயகம் சொன்னதில் பொய் இல்லை.

"குருபூசை அன்னைக்கு மத்தியானம் வண்டி வரச் சொல்லியிருக்கேன். பந்தி முடிஞ்சதும் ஏத்தி அனுப்பிருவோம். அதுவரைக்கும் ரூமுல கட்டிப்போடுங்க." திரும்பி மாசிலாமணியைப் பார்த்தார். "மேஸ்திரி, கயிறு இருக்கா?"

"இருக்கு" என்றார் மாசிலாமணி.

*

கோமதிநாயகம் போன பிறகு மாசிலாமணி சின்னச் சாமியிடம் வந்தார். கயிற்றுச் சுருள் கையில் இருந்தது.

"சாமி, எனக்குத் தெரியல. அதுக்கு முந்தி என்னன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிருங்க."

"எனக்கும் தெரியாது."

"வெளையாடாதீங்க சாமி."

"தெரிஞ்சிருந்தா உங்களுக்குக் கயிறு ஏன் குடுக்கேன்?"

மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை கட்டத்தான் வேணுமா?"

சின்னச் சாமி ஈர்க்கைக் கிள்ளினார். கிள்ளியது இலையில் நேராக இறங்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினார்.

"சொல்லிட்டுக் கட்டுங்கன்னுதான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

*

வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தது. பந்தலில் பாய் விரித்து இலை போட்டார்கள். கோமதிநாயகம் முதல் வரிசையில் வெளியூர்க்காரர்களோடு உட்கார்ந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் வண்டி வந்து நின்றது.

மாசிலாமணி பெரிய சாமியின் அறைக்குப் போனார். வழக்கம்போல முதல் இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார்.

இன்றைக்கு வாசலை மறிக்கவில்லை. கட்டத்தானே போகிறோம் என்று சுவரோரமாக உட்கார்ந்து கயிற்றுச் சுருளை எடுத்தார். கடைக்காரன் போட்ட முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். பல்லால் கடித்துப் பார்த்தார்.

முடிச்சைக் கடித்தபடியே நிமிர்ந்தபோது பெரிய சாமி எழுந்து நின்றிருந்தார்.

இலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தார். தையல் இலை நடுவில் தொய்யாதபடி விரல்களை விரித்துக் கொடுத்திருந்தார். ஒரு பருக்கை கீழே விழவில்லை. அப்படியே வாசலைத் தாண்டிப் போனார்.

மாசிலாமணி வாயிலிருந்து கயிற்றை எடுத்தார்.

எறிந்தார் என்றுதான் இத்தனை நாளும் சொன்னார்கள். அவர் எறியவில்லை. எடுத்துக்கொண்டு புறப்படுவார். மாசிலாமணி மறித்துக் கையைப் பிடிப்பார். அப்போது சோறு தெறிக்கும்.

சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பெரிய சாமியின் முதுகு தெரிந்தது. தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். நீட்டிய பிறகு, தான் பின்னால் நிற்பது நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டு சுற்றி ஓடி முன்னால் வந்து முகத்தைப் பார்த்தார்.

அதில் கோபம் இல்லை. அந்த முகம் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி வழி விட்டார்.

பெரிய சாமி பந்தலுக்குள் போனார். வரிசைக் கடைசியில் ஒரு வளையல்காரர் காலி இலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் குனிந்து, காலி இலையின் மேலேயே சோற்றிலையை வைத்தார். வைத்து, நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். தையல் இலைக்கு நுனி கிடையாது. ஆனாலும் பார்த்தார். பிறகு சமையல்கட்டுக்குப் போய் வடிவிடம் கையை நீட்டினார்.

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன சாமி, இவ்வளவு நாளு கழிச்சு வேலைக்கு வந்திருக்கீரு? சம்பளம் கெடையாது, இப்பவே சொல்லிப்புட்டேன்."

சாம்பார் வாளி கனம். ரசம் சுடும். வடிவு சுற்றிலும் பார்த்துவிட்டு, உப்பிருந்த மரக் கிண்ணத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

பெரிய சாமி உப்பு வைத்துக்கொண்டு வந்தார். இலைக்கு ஒரு சிட்டிகை, ஒரே இடத்தில், ஒரே அளவாக. வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடியும் வந்தார். கோமதிநாயகத்தின் இலையில் உப்பு சின்னக் கோபுரமாக நின்றது.

அவர் வாயைத் திறந்தார்.

"அதிகமா இருந்தா ஒதுக்கி வச்சுக்கோங்க" என்றார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சின்னச் சாமி.

கோமதிநாயகம் ஒதுக்கி வைத்தார்.

முதல் பந்தி எழுந்தது. சின்னச் சாமியும் பரிமாறியவர்களும் உட்கார்ந்து, இரண்டாவது பந்தியும் எழுந்தது. பெரிய சாமி யாரையும் அடிக்கவில்லை. பந்தல் காலியானது.

வடிவு ஓரமாக ஒரு இலை போட்டாள்.

"இப்ப உக்காரும் சாமி."

பெரிய சாமி உட்காரவில்லை. கிண்ணத்தை இறுகப் பிடித்தார். இங்கும் அங்கும் நடந்தார். நடை வேகமானது. உதடு துடிக்கத் தொடங்கியது. மாசிலாமணிக்கு அந்த உதடு தெரியும். அடுத்தது கைதான்.

பந்தலோரம் நின்ற கோமதிநாயகத்துக்கும் தெரிந்தது.

"பாத்தீங்களா, ஆரம்பிக்குது. மேஸ்திரி, கயிறு."

மாசிலாமணி தோளிலிருந்த சுருளைத் தொட்டார். சின்னச் சாமியைப் பார்த்தார். சின்னச் சாமி ஒன்றும் கேட்கவில்லை.

மாசிலாமணி தானே கேட்டுக்கொண்டார்.

அதுக்கு முந்தி வடிவு இலை போட்டாள். அதுக்கு முந்தி பந்தல் காலியானது. அதுக்கு முந்தி எல்லோரும் சாப்பிட்டார்கள்.

எல்லோருமா?

"அண்ணாச்சி" என்றாள் வடிவு. "கயிறைச் சுமந்துக்கிட்டு நிக்கீரே, நீரு இன்னும் சாப்பிடலையே."

மாசிலாமணி சுருளைக் கீழே போட்டார். பாயில் உட்கார்ந்தார். தானே ஒரு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரிய சாமி வந்தார். குனிந்தார். இலையின் ஓரத்தில் உப்பு வைத்தார். அவர் கை மாசிலாமணியின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில், அடிக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை.

மாசிலாமணி பக்கத்துப் பாயைத் தட்டிக் காட்டினார்.

பெரிய சாமி உட்காரவில்லை. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். உதடு மறுபடி துடித்தது.

மாசிலாமணியும் அந்தப் பக்கம் பார்த்தார். வேப்பமரத்தடியில் வண்டி. வண்டிக் கதவுக்கு வெளியே இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அய்யா, வண்டியில யாரு?"

"டிரைவர்தான். அந்தோணி" என்றார் கோமதிநாயகம்.

"சாப்பிட்டாரா?"

கோமதிநாயகம் வண்டியைப் பார்த்தார். பெரிய சாமியைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

பிறகு யாரையும் அனுப்பாமல் அவரே போனார். வெயிலில் செருப்பில்லாமல் போனார். கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்தார்.

அந்தோணி கண்ணைக் கசக்கிக்கொண்டு மாசிலாமணிக்கு எதிரே உட்கார்ந்தான். பெரிய சாமி அவன் இலையில் உப்பு வைத்தார். வரிசையின் இந்தக் கடைசியையும் அந்தக் கடைசியையும் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சமையல்கட்டைப் பார்த்தார்.

"நான் அடுப்படியிலேயே தின்னுட்டேன் சாமி" என்றாள் வடிவு. "சத்தியமா."

பெரிய சாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். மாசிலாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வடிவு சோறு வைத்தாள். அவரே பிசைந்தார். அவரே சாப்பிட்டார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணி மட்டும், அப்பளம் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டான்.

பெரிய சாமி ரசத்துக்கு இரண்டு தடவை சோறு வாங்கினார்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தோணி கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, கோமதிநாயகத்திடம் வந்தான்.

"முதலாளி, நேரமாவுது. யாரையோ ஏத்திட்டுப் போகணும்னு சொன்னீங்களே. யாரை?"

கோமதிநாயகம் பந்தலைப் பார்த்தார். பெரிய சாமி தன் இலையை மடித்துவிட்டு, மாசிலாமணியின் இலையையும் மடித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி இன்னும் மோர் சாப்பிடவில்லை.

"என்னைத்தான்" என்றார் கோமதிநாயகம். "அந்த ரெண்டு அண்டாவையும் ஏத்திக்கோ. வாடகை அண்டா, கடையில குடுக்கணும்."

"உருளுமே முதலாளி. கட்டணும். கயிறு இருக்கா?"

கோமதிநாயகம் சின்னச் சாமியைப் பார்த்தார்.

"மேஸ்திரிகிட்ட ஒண்ணு இருக்கு" என்றார் சின்னச் சாமி. "இன்னும் பிரிக்கல."